நெட்டை ஹசனின் வரிச் சட்டம்

தோற்றுப்போன ராஜாவின் சட்டப் புத்தகத்தை ஜெயித்த ராஜா என்ன செய்வான்? கொளுத்துவான். இல்லாவிட்டால் மூட்டை கட்டி மூலையில் போடுவான். உலகத்தில் வழக்கமாக நடப்பது அதுதான்.

1518-ம் ஆண்டில் துருக்கி சுல்தானின் கணக்கர்கள் வேறு விதமாகச் செய்தார்கள்.

தியார்பக்கிர், மார்டின், உர்ஃபா முதலிய கிழக்குச் சீமைகள் அப்போதுதான் சுல்தானின் கைக்கு வந்திருந்தன. கணக்கர்கள் ஊர் ஊராகப் போனார்கள். தலைக்கட்டு எத்தனை, நிலம் எவ்வளவு, விளைச்சல் என்ன என்று எல்லாவற்றையும் பதிவேட்டில் ஏற்றினார்கள். எந்தச் சட்டப்படி வரி வாங்குவது என்ற இடம் வந்தது. அங்கே ஹசன் பாதுஷாவின் சட்டப்படி என்று எழுதினார்கள்.

அந்த ஹசன் பாதுஷா யார்? அவர்களுடைய சுல்தானின் பாட்டனாரோடு போர் புரிந்தவன். அந்தப் போரில் முறியடிக்கப்பட்டு ஓடியவன். இறந்து 40 ஆண்டுகள் ஆகிவிட்டன. அவனுடைய வம்சமும் பட்டத்தில் இல்லை. வரி விகிதப் பட்டியல் மட்டும் நின்றது.

வெள்ளைச் செம்மறிக் கூட்டம்

அவனுடைய முழுப் பெயர் உசுன் ஹசன். துருக்கி மொழியில் உசுன் என்றால் நெட்டை. ஆள் நல்ல உயரம். ஊரார் வைத்த பெயரே சரித்திரத்திலும் நிலைத்துவிட்டது.

துருக்மான் என்னும் மேய்ச்சல்கார மக்களில் ஒரு பெரும் பிரிவுக்கு அவன் தலைவன். குளிர்காலத்தில் பள்ளத்தாக்கு, கோடையில் மலை என்று ஆடு, குதிரை, கூடாரங்களோடு இடம் மாறிக்கொண்டே இருப்பவர்கள் அவர்கள். அவர்களில் இரண்டு கூட்டங்கள் அந்தக் காலத்தில் பேர்பெற்றவை. ஒன்றுக்குக் கறுப்புச் செம்மறிக் கூட்டம் என்று பெயர். மற்றொன்றுக்கு வெள்ளைச் செம்மறிக் கூட்டம் என்று பெயர். இரண்டுக்கும் பரம்பரைப் பகை. ஹசன் வெள்ளைச் செம்மறிக் கூட்டத்தான்.

அவனுடைய பாட்டனார் காரா உஸ்மான்தான் அந்தக் கூட்டத்தை ஒரு ராஜ்யமாக ஆக்கியவர். இன்று துருக்கி நாட்டில் தியார்பக்கிர் என்று வழங்கும் அமீது நகரம் அவருடைய கோட்டை. 1435-ம் ஆண்டில் தள்ளாத வயதிலும் குதிரை ஏறிப் போய், கறுப்புச் செம்மறிக் கூட்டத்தோடு சண்டையிட்டு இறந்தார். அதன்பின் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் எல்லாம் பங்காளிச் சண்டையில் இறங்கினார்கள். பதினைந்து இருபது ஆண்டுகள் அந்தக் குடும்பத்தில் அமைதி என்பதே இல்லை.

ஹசனின் அண்ணன் ஜஹாங்கீர்தான் அப்போது அமீதுக் கோட்டையில் இருந்தான். 1453-ம் ஆண்டு வாக்கில் தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். ஏறத்தாழ அதே சமயத்தில் மேற்கே கான்ஸ்டான்டிநோபிள் மாநகரம் துருக்கி சுல்தான் இரண்டாம் முகமதுவின் கையில் விழுந்தது. பின்னால் ஒருவரோடு ஒருவர் மோத வேண்டிய இரண்டு பேரும் ஒரே நேரத்தில் மேலே வந்தார்கள்.

சமாதானம் பேசிய தாயார்

ஹசனின் தாயார் சாரா கத்தூன் சாதாரணப் பெண்மணி அல்ல. அண்ணன் தம்பிச் சண்டை முற்றியபோது இருவருக்கும் நடுவில் நின்று சமரசம் பேசியவர் அந்த அம்மாள்தான். மகன் பெரிய ராஜாவான பிறகும் ராஜ்ய விஷயங்களுக்குத் தூது போனார்.

கருங்கடல் ஓரத்தில் ட்ரெபிசாண்ட் என்ற சின்ன கிரேக்க ராஜ்யம் இருந்தது. அந்த அரச குடும்பத்துப் பெண் தியோடோராவை ஹசன் 1458-ல் மணந்தான். பெண் கிறிஸ்தவப் பெண். அவள் தன் மதத்திலேயே இருக்கலாம், பாதிரிமாரையும் கூட வைத்துக்கொள்ளலாம் என்று ஒப்புக்கொண்டுதான் கல்யாணம் நடந்தது. அந்த வாக்கை ஹசன் காப்பாற்றினான்.

மூன்று வருஷம் கழித்து, 1461-ல், சுல்தான் முகமது ட்ரெபிசாண்டைப் பிடிக்கப் படையோடு புறப்பட்டான். பெண் கொடுத்த வீட்டுக்கு ஆபத்து. ஹசன் தன் தாயாரை சுல்தானின் பாசறைக்கு அனுப்பினான். செங்குத்தான மலைப்பாதையில் சுல்தானும் பல இடங்களில் குதிரையை விட்டு இறங்கி நடக்க வேண்டியிருந்தது. சாரா கத்தூனும் அந்தப் படையோடு கூடவே வந்தார். இந்த ஒரு ஊருக்காகவா இத்தனை பாடு என்று அந்த அம்மாள் சுல்தானைக் கேட்டதாகவும், பாடு ஊருக்காக அல்ல, மார்க்கத்துக்காக என்று சுல்தான் பதில் சொன்னதாகவும் துருக்கி வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள்.

ஊரைக் காப்பாற்ற முடியவில்லை. ஆகஸ்டு மாதத்தில் ட்ரெபிசாண்ட் விழுந்தது. அரண்மனைப் பொக்கிஷத்தில் ஒரு பங்கை மட்டும் மருமகள் பாத்தியதைக்காக அந்த அம்மாள் வாங்கிக்கொண்டு வந்தார்.

இரண்டு வெற்றிகள்

ஹசனின் பெரிய வெற்றிகள் இரண்டுமே எதிரியின் அவசரத்தாலும் அலட்சியத்தாலும் கிடைத்தவை.

கறுப்புச் செம்மறிக் கூட்டத்தின் தலைவன் ஜஹான் ஷா. தப்ரீஸ் நகரத்தைத் தலைநகராக வைத்து ஈரானில் பெரும்பகுதியை ஆண்டவன். 1467-ம் ஆண்டு ஹசனை நசுக்கிவிடுவதாகப் புறப்பட்டு வந்தான். குளிர்காலம் நெருங்கியதும் பெரும்படையை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, கொஞ்சம் ஆட்களோடு பாசறையில் தங்கினான். ஹசன் திடீரென்று பாய்ந்தான். ஜஹான் ஷா ஓடும்போது கொல்லப்பட்டான்.

அடுத்து, கிழக்கே தைமூரின் வம்சத்தில் வந்த சுல்தான் அபு சயீத் படையெடுத்து வந்தான். ஹசன் சமாதானம் பேசிப் பார்த்தான். அவன் கேட்கவில்லை. ஹசன் நேருக்கு நேர் நிற்காமல் அவனுக்கு வரும் தானியத்தையும் தீவனத்தையும் வழியிலேயே மறித்தான். பனிக்காலம். குதிரைகள் மடிந்தன. சிப்பாய்கள் ஓடினார்கள். 1469-ம் ஆண்டு தொடக்கத்தில் அபு சயீத் பிடிபட்டுக் கொல்லப்பட்டான்.

இரண்டே ஆண்டுகளில், மலைக்கோட்டை ஒன்றில் இருந்த தலைவன், யூப்ரடீஸ் நதிக் கரையிலிருந்து ஈரானின் தென்கோடி வரை ஆளும் பாதுஷா ஆகிவிட்டான். பாக்தாதும் அவனுடையது. ஷிராசும் இஸ்பஹானும் அவனுடையவை. தலைநகரைத் தப்ரீசுக்கு மாற்றிக்கொண்டான்.

தோற்ற கறுப்புச் செம்மறிக் கூட்டத்தார் நாலா பக்கமும் சிதறினார்கள். அவர்களில் சிலர் நம் நாட்டுக்கும் வந்தார்கள். ஹமதான் பக்கத்திலிருந்து தக்காணத்துக்குப் பிழைக்க வந்த சுல்தான் குலி என்ற இளைஞன் பாமினி சுல்தான்களிடம் வேலைக்கு அமர்ந்து, படிப்படியாக உயர்ந்து, பிறகு கோல்கொண்டாவில் தனி ராஜ்யமே கண்டான். அந்தக் குதுப்ஷாஹி வம்சத்தார்தான் பின்னால் ஹைதராபாத்தையும் சார்மினாரையும் கட்டினார்கள். சென்னைப் பட்டணத்துச் சுற்றுவட்டாரம் வரை ஒரு காலத்தில் அவர்கள் ஆட்சி நீண்டது. சிறுவன் அக்பருக்குப் பாதுகாவலராக இருந்து ராஜ்யத்தை நடத்திய பைராம் கானின் முன்னோர்களும் அதே கூட்டத்தைச் சேர்ந்தவர்கள்தான்.

எத்தனை வரி, யாருக்கு வரி?

ராஜ்யம் கிடைத்துவிட்டது. அதை நடத்தப் பணம் எங்கே? பணம் வரும் வழிதான் பெரிய சிக்கலாக இருந்தது.

இருநூறு ஆண்டுகளுக்கு முன் மங்கோலியர்கள் ஈரானைப் பிடித்தபோது தங்கள் வழக்கப்படி சில வரிகளைப் போட்டார்கள். அவற்றில் முக்கியமானது தம்கா. தம்கா என்றால் முத்திரை. சந்தையில் விற்கும் சரக்குக்கும், சுங்கச் சாவடி கடக்கும் சரக்குக்கும் தீர்வை வாங்கிக்கொண்டு முத்திரை குத்துவார்கள். தீர்வையின் பெயரே தம்கா ஆகிவிட்டது. இஸ்லாமிய மார்க்கச் சட்டத்தில் இப்படி ஒரு வரி கிடையாது. ஆகவே மார்க்க அறிஞர்கள் அதை ஓயாமல் கண்டித்தார்கள். மங்கோலியர்கள் போய்விட்டார்கள். அடுத்தடுத்து வந்த முஸ்லிம் அரசர்களும் அறிஞர்கள் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, தம்காவைத் தொடர்ந்து வாங்கினார்கள். நகரத்து வருமானமே அதுதான்.

கிராமத்தில் நிலைமை இன்னும் மோசம். விளைச்சலில் ராஜபாகம் ஒன்று. அதோடு நின்றால் பரவாயில்லை. ஆட்டுக்கு வரி, மாட்டுக்கு வரி. ராஜாவின் தூதன் வந்தால் அவனுக்கும் அவன் குதிரைக்கும் சாப்பாடு. அதிகாரி வந்தால் காணிக்கை. பண்டிகை வந்தால் காணிக்கை. ஜாகீர்தாரின் நிலத்தில் கூலியில்லாத அமஞ்சி வேலை. அந்தக் காலத்து மானியப் பட்டயங்கள் சில கிடைத்திருக்கின்றன. இன்னின்ன வரிகள் இவரிடம் கேட்கக்கூடாது என்று சொல்லும்போது அவற்றின் பெயர்களை வரிசையாக எழுதுவார்கள். ஹசனின் அண்ணன் மகன் காசிம் 1498-ல் கொடுத்த பட்டயம் ஒன்றில் அந்தப் பட்டியல் ஓடிக்கொண்டே இருக்கிறது. மானியம் பெற்ற பெரிய மனிதருக்கு அத்தனையும் தள்ளுபடி. மானியம் இல்லாத குடியானவன் தலையில் அத்தனையும் விழுந்தன.

இந்த மானியத்துக்கு சுயுர்கால் என்று பெயர். பரம்பரைப் பாத்தியதை. அந்த எல்லைக்குள் ராஜாவின் ஆள் காலெடுத்து வைக்கக் கூடாது. வரி எல்லாம் மானியக்காரனுக்கே. போர் வீரர்களைக் கொண்டு வரும் தலைவர்களுக்கு ராஜா இப்படித்தான் சம்பளம் கொடுக்க முடிந்தது. கொடுக்கக் கொடுக்க ராஜாவின் சொந்த வருமானம் குறைந்தது.

ஹசன் செய்த காரியம் என்னவென்றால், எந்த ஊரில் எதற்கு எவ்வளவு என்று எழுதி வைத்தான்.

நாடு முழுவதற்கும் ஒரே அளவு என்று அவன் போடவில்லை. அப்படிப் போட்டால் நடக்காது என்பது அவனுக்குத் தெரிந்திருக்க வேண்டும். மார்டினில் உள்ள வழக்கம் வேறு, எர்சிஞ்சானில் உள்ள வழக்கம் வேறு. அந்தந்தச் சீமையில் நடைமுறையில் இருப்பது என்ன என்று பார்த்து, அதை வரையறுத்து, சீமைவாரியாகச் சட்டமாக்கினான். விளைச்சலில் எத்தனையில் ஒரு பங்கு என்று கண்டிருந்தது. பல இடங்களில் ஐந்தில் ஒரு பங்கு. குடியானவன் வருஷத்தில் எத்தனை நாள் அமஞ்சி செய்ய வேண்டும் என்பதும் கண்டிருந்தது. சரக்குச் சுமைக்குச் சாவடியில் எவ்வளவு, ஊருக்குள் விற்றால் எவ்வளவு என்பதெல்லாம் அதில் வந்துவிட்டது.

இதில் பிரமாதம் என்ன என்று தோன்றலாம். கூட்ஸ் ஆபீசில் கட்டண அட்டவணை மாட்டியிருப்பதை யாரும் அதிசயமாகப் பார்ப்பதில்லை. அட்டவணை இல்லாத காலத்தில் சுமையோடு சாவடியில் நின்றவனைக் கேட்டால்தான் தெரியும். கட்டணம் அதிகம் என்பதைவிட, கட்டணம் என்னவென்றே தெரியாது என்பதுதான் அவனுக்குப் பெரிய கஷ்டம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. ஆளைப் பார்த்து ஒன்று. எழுதிய விகிதம் இருந்தால், இதற்கு மேல் கேட்கிறானே என்று புகார் சொல்லவாவது ஒரு பிடி உண்டு.

விடியற்காலை முரசு

அந்தப் புகாரைக் கேட்கவும் ஓர் ஏற்பாடு இருந்தது. விடியற்காலைத் தொழுகை முடிந்ததும் முரசு அறையச் செய்து, ஹசன் பக்கிரி உடுத்துவது போன்ற எளிய உடையில் வந்து உட்கார்ந்து, குறை சொல்ல வந்த ஏழைகளை விசாரித்தான் என்று பழைய வரலாற்று ஏடுகள் சொல்கின்றன. கணக்கர்கள் பக்கத்திலேயே இருந்து தீர்ப்பை அப்போதே எழுதிக் கொடுத்தார்கள். அரண்மனைப் புலவர்கள் ராஜாவைப் புகழ்வது வழக்கம்தான். இருந்தாலும், ராஜ்யம் போய் வெகுகாலம் ஆன பிறகு, அவனுக்கு எந்தக் கடமைப்பாடும் இல்லாதவர்களும் அவனுடைய நீதியைப் பற்றி எழுதியிருக்கிறார்கள்.

படித்தவர்களை அவன் மதித்தான். சமர்கண்டு நகரத்து வான சாஸ்திரி அலி குஷ்ஜி அவனிடம் வந்து தங்கினார். அவரையே துருக்கி சுல்தானிடம் தூது அனுப்பினான். ஷிராஸ் பக்கத்து அறிஞர் ஜலாலுத்தீன் தவானி, அரசனும் குடிகளும் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பது பற்றி எழுதிய அக்லாக்கே ஜலாலி என்ற பாரசீக நூலை ஹசனுக்குக் காணிக்கையாக்கினார். அந்த நூல் பிற்காலத்தில் இந்தியாவிலும் வெகுவாகப் படிக்கப்பட்டது.

தம்கா வரியை என்ன செய்தான்? அதை அடியோடு எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அவனுடைய ஆசை. அமீர்கள் என்னும் படைத்தலைவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களுடைய பிழைப்பில் கை வைக்கிற விஷயம் அது. வருமானம் நின்றால் படை எப்படி வரும் என்ற கேள்விக்கும் ஹசனிடம் பதில் இல்லை. கடைசியில் தம்காவைக் குறைத்தான். ஒழிக்கவில்லை. அபு சயீதின் படையைப் பட்டினி போட்டு ஜெயித்தவனால் தன் சபையில் உட்கார்ந்திருந்த பத்துப் பேரை ஜெயிக்க முடியவில்லை.

பீரங்கியின் முன்னால்

மேற்கே துருக்கி சுல்தான் வளர்ந்துகொண்டே போனான். கடல் வியாபாரத்தில் அவனோடு போராடிய வெனிஸ் நகரத்தார், கிழக்கிலிருந்து அவனை அடிக்க ஓர் ஆள் வேண்டும் என்று ஹசனிடம் தூதர்களை அனுப்பினார்கள். தூதராக வந்த கத்தரினோ சேனோவின் மனைவி, ராணி தியோடோராவுக்கு உறவுக்காரி. பீரங்கிகள் தருவதாகச் சொன்னார்கள். அடுத்த தூதர் பார்பரோ பீரங்கிகளோடு கப்பல் ஏறினார். சைப்ரஸ் தீவு வரை வந்தார். அதற்கு மேல் வழி இல்லை.

1473 ஆகஸ்டு 4-ந் தேதி யூப்ரடீஸ் கரையில் நடந்த முதல் மோதலில் ஹசனின் ஆட்கள்தான் ஜெயித்தார்கள். துருக்கித் தளபதி ஒருவர் ஆற்றோடு போனார். ஒரு வாரம் கழித்து, 11-ந் தேதி, ஒத்லுக்பெலி என்ற இடத்தில் சுல்தானின் பெரும்படை வந்து நின்றது. துப்பாக்கி, பீரங்கி எல்லாம் இருந்தன. ஹசனிடம் குதிரையும் வில்லும் இருந்தன. அவன் மகன் சைனல் அன்று மடிந்தான். ஹசன் களத்தை விட்டு ஓடினான்.

சுல்தான் துரத்திக்கொண்டு வரவில்லை. நாடு பெரும்பாலும் ஹசனிடமே மிஞ்சியது. ஆனால் பழைய பயம் போய்விட்டது. மறு ஆண்டே அவனுடைய மூத்த மகன் உகுர்லு முகமது கலகம் செய்து ஷிராசைப் பிடித்துக்கொண்டான். தகப்பன் படையோடு வருகிறான் என்று தெரிந்ததும் தப்பி, எந்த சுல்தானோடு தகப்பன் சண்டையிட்டானோ அதே சுல்தானிடம் போய்ச் சேர்ந்தான். சுல்தான் அவனுக்குத் தன் மகளையே கட்டிக் கொடுத்தான்.

அந்த 1474-ம் ஆண்டில் கான்டாரினி என்ற வெனிஸ் தூதர் இஸ்பஹானில் ஹசனைப் பார்த்தார். உயரமான, மெலிந்த மனிதர், இனிமையாகப் பேசினார், வயது எழுபது இருக்கும் என்று குறித்து வைத்தார். கோப்பையை வாய்க்குக் கொண்டுபோகும்போது கை நடுங்கியதையும் பார்த்தார். உண்மையில் ஹசனுக்கு அப்போது வயது ஐம்பதுதான்.

அந்தக் காலத்தில் இன்னொருவனும் அவனுடைய பாசறையைப் பார்த்தான். அவன் தூதன் அல்ல, வெறும் வியாபாரி. ருஷ்யாவைச் சேர்ந்த அஃபனாசி நிகிடின். குதிரை விற்கலாம் என்று நம் தக்காணத்துக்கு வந்து, பீதாரிலும் சுற்றுப்புறத்திலும் சில ஆண்டுகள் அலைந்து, பெரிய லாபம் ஒன்றும் இல்லாமல் ஊர் திரும்பிக்கொண்டிருந்தான். ஹோர்முஸ் துறைமுகத்தில் சரக்கு எதுவானாலும் பத்தில் ஒன்றைத் தம்காவாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்று தன் குறிப்பில் வருத்தத்தோடு எழுதியிருக்கிறான். அங்கிருந்து ஷிராஸ், இஸ்பஹான், தப்ரீஸ் வழியாக நடந்து, ஹசனின் பாசறையில் 10 நாள் தங்கினான். போர் காரணமாகப் பாதைகள் அடைபட்டிருந்தன. எப்படியோ ட்ரெபிசாண்ட் போய்ச் சேர்ந்தான். அங்கே துருக்கி அதிகாரிகள், ஹசனின் பாசறையிலிருந்து வந்தவன் என்று தெரிந்ததும், கடிதம் கிடிதம் வைத்திருக்கிறானா என்று அவன் மூட்டையைக் கிளறிக் கொட்டினார்கள். கடிதம் கிடைக்கவில்லை. நல்ல சாமான்களாகப் பார்த்து எடுத்துக்கொண்டார்கள். அதற்கு எந்த அட்டவணையும் கிடையாது. பாவம், சொந்த ஊர் போய்ச் சேருமுன்பே வழியில் அவன் இறந்துபோனான்.

பாட்டனார் விட்டதைப் பிடித்த பேரன்

கலகம் செய்த மகன் உகுர்லு முகமது 1477-ல் எல்லைக்குத் திரும்பி வந்தபோது கொல்லப்பட்டான். 1478 ஜனவரியில் ஹசனும் தப்ரீசில் காலமானான். பட்டத்துக்கு வந்த மகன் கலீலை ஆறே மாதத்தில் தம்பி யாகூப் கொன்றுவிட்டு ஆட்சியைப் பிடித்தான்.

யாகூப் 12 ஆண்டுகள் ஆண்டான். அவனுக்கு ஆசிரியராக இருந்து பிறகு மந்திரி போல் ஆன காசி ஈசா, ஹசன் பாதியில் விட்டதை முழுதாக முடித்துவிட நினைத்தார். மார்க்கச் சட்டத்தில் இல்லாத வரிகளை நீக்குவது, சுயுர்கால் மானியங்களைத் திரும்ப எடுப்பது என்று திட்டம் போட்டார். ஷிராஸ் பக்கம் நிலத்தை அளக்க ஆட்கள் போனார்கள். தலைவர்கள் கொதித்தார்கள். மானியத்தை நம்பி வாழ்ந்த மார்க்க அறிஞர்களும் சேர்ந்து கூக்குரல் போட்டார்கள். 1490 கடைசியில் யாகூப் இறந்தான். அடுத்த ஆண்டே காசி ஈசாவைத் தூக்கில் போட்டுவிட்டார்கள்.

பிறகு அகமது வந்தான். அவன் கதை விசித்திரமானது. துருக்கிக்கு ஓடிப்போன உகுர்லு முகமதுக்கும் சுல்தானின் மகளுக்கும் பிறந்தவன் அவன். அதாவது ஒத்லுக்பெலியில் மோதிய இரண்டு பேருக்கும் பேரன். துருக்கி அரண்மனையில் வளர்ந்தவன். 1497-ல் வந்து தப்ரீசில் பட்டம் ஏறினான். வந்த கையோடு வரிகளை ஒழித்தான். மானியங்களை ரத்து செய்தான். யாரிடமும் கேட்கவில்லை. அந்த ஆண்டு டிசம்பரிலேயே அவனுடைய அமீர்கள் இஸ்பஹானுக்கு அருகே அவனைக் கொன்றுவிட்டார்கள்.

இவர்களுடைய கதையைப் பார்த்த பிறகு, தம்கா விஷயத்தில் ஹசன் அமீர்களுக்கு இறங்கிப் போனதைக் கோழைத்தனம் என்று சொல்ல மனம் வரவில்லை. அவனிடம் அடிபணிந்து நின்றவர்கள் எப்பேர்ப்பட்டவர்கள் என்பது அவனுக்குத் தெரியும்.

வம்சம் பங்காளிச் சண்டையிலேயே அழிந்தது. 1501-ல் ஒரு பதினாலு வயதுப் பையன் படையோடு வந்து தப்ரீசைப் பிடித்தான். அவன்தான் ஷா இஸ்மாயில். ஈரானின் சஃபாவி வம்சத்தைத் தொடங்கியவன். அவனுடைய தாய் யாரென்றால், ஹசனுக்கும் தியோடோராவுக்கும் பிறந்த மகள். பாட்டனார் கட்டிய ராஜ்யத்தை மகள் வயிற்றுப் பேரன் வெள்ளைச் செம்மறிக் கூட்டத்தாரிடமிருந்து பிடுங்கிக்கொண்டான்.

1514-ல் இஸ்மாயிலும், சுல்தான் முகமதுவின் பேரன் சலீமும் சால்திரான் வெளியில் மோதினார்கள். பாட்டனார்கள் சண்டையைப் பேரன்மார் மறுபடி போட்டார்கள். இந்த முறையும் பீரங்கிதான் ஜெயித்தது. தியார்பக்கிரும் சுற்றுச் சீமைகளும் துருக்கி வசம் ஆயின. கணக்கர்கள் 1518-ல் பதிவேட்டோடு வந்தார்கள்.

பதிவேடு சொல்வது

துருக்கிக் கணக்கர்கள் ஹசனின் சட்டத்தை வைத்துக்கொண்டது அவன்மேல் உள்ள அன்பினால் அல்ல. புதிய இடம். ஜனங்களுக்குப் பழகிய விகிதம். அதை மாற்றினால் கலகம் வரலாம், வருமானம் நிற்கலாம். எழுதி வைத்த சட்டம் கையில் இருக்கும்போது எதற்கு வம்பு? ஈரான் பக்கத்திலும் சஃபாவி அரசர்கள் ஆரம்பத்தில் அதையே அனுசரித்தார்கள். பகைமை கொண்ட இரண்டு ராஜ்யங்களில் ஒரே காலத்தில், மறைந்துபோன மூன்றாவது ராஜ்யத்தின் வரிச் சட்டம் அமலில் இருந்தது.

அந்தச் சட்டம் இலேசானது என்று நினைத்துவிடக் கூடாது. ஐந்தில் ஒரு பங்கும் அமஞ்சி நாட்களும் சுமைதான். 1540 வாக்கில் எர்சுரும் பக்கத்துச் சீமைகளில், ஹசன் பாதுஷாவின் சட்டம் பாரமாக இருக்கிறது, மேற்கே உள்ள துருக்கிச் சட்டத்தையே எங்களுக்கும் கொடுங்கள் என்று ஜனங்கள் கேட்க, அப்படியே மாற்றிக் கொடுத்தார்கள். எழுதியிருந்ததால்தான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்து, எது கனம் என்று சொல்ல முடிந்தது.

ஹசனின் காலத்து மூலச் சட்டச் சுவடி எதுவும் இந்தப் பதிவேடுகளின் அளவுக்கு உதவவில்லை. துருக்கிப் பதிவேடுகளில் ஏறியிருந்த இந்தச் சட்டங்களை உமர் லுத்ஃபி பர்கான் என்ற துருக்கி அறிஞர் தேடி எடுத்து 1941-ல் அச்சிட்டார். நெட்டை ஹசனின் வரி விகிதங்களைப் பற்றி இன்று தெரிவதில் பெரும்பகுதி, அவனை முறியடித்தவர்களின் கணக்குப்பிள்ளைகள் எழுதியது.

அவன் குறைத்தானே தவிர ஒழிக்க முடியாமல் போன தம்கா, ஈரானில் அவனுக்குப் பின்னும் ஏறத்தாழ 90 ஆண்டுகள் இருந்தது. 1565-ம் ஆண்டு வாக்கில் ஒரு ராஜா அதை நீக்கி ஆணை போட்டான். அவன் ஷா தமாஸ்ப், இஸ்மாயிலின் மகன். நெட்டை ஹசனுக்கும் ட்ரெபிசாண்ட் தியோடோராவுக்கும் கொள்ளுப் பேரன்.